மாறிமாறிப் பாயும் நீர்: கடல்மீன் தொட்டியின் நீரோட்டமும் அதை ஆளும் நிரலும்

கடல்மீன் தொட்டி ஒன்றில் நீரைச் சுழற்றுவதற்கென இரண்டு மோட்டார்களைப் பொருத்தி, ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓய்ந்திருக்குமாறு ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்கு நிரல் எழுதுவது, மேலோட்டமாகப் பார்ப்போருக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடாகவோ மோட்டாரின் ஆயுளை நீட்டிக்கும் ஏற்பாடாகவோ தோன்றக்கூடும். அவ்விரு பயன்களும் அதில் ஓரளவு உண்டெனினும் அதன் அடிப்படை நோக்கம் வேறு: இரண்டு மோட்டார்களும் சேர்ந்து இடைவிடாது ஓடினாலும் செய்ய இயலாத ஒரு வேலையை, அதே இரண்டும் முறைவைத்து ஓடும்போது செய்துவிடுகின்றன. அந்த வேலை எது, கடலில் அது எவ்வாறு நிகழ்கிறது, தொட்டிக்குள் அதை நிகழ்த்த நிரல் எவ்வாறு அமைய வேண்டும், நிரல் தவறும் வேளையில் தொட்டியிலுள்ள உயிர்களுக்குக் காப்பு என்ன என்னும் நான்கு வினாக்களை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கடல்மீன் தொட்டியில் பொதுவாக இரு வகை மோட்டார்கள் இருக்கும். சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியில் வடிகட்டப்பட்ட நீரை மேலே உள்ள காட்சித் தொட்டிக்கு ஏற்றுவது ஒரு வகை. அது இராப்பகலாக ஓட வேண்டியது, முறைமாற்றத்துக்கு உட்படாதது. காட்சித் தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டியிருந்து, நீரை எங்கும் ஏற்றாமல் இருந்த இடத்திலேயே தள்ளி ஓட்டத்தை உண்டாக்குவது மற்றொரு வகை. வளர்ப்போர் இதனை வேவ்மேக்கர் என்பர், இவ்வுரை இதனைச் சுழற்சி மோட்டார் என்று குறிக்கிறது. கன்ட்ரோலர் எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியோ, கடிகாரத்தையும் வெப்பமானி போன்ற உணரிகளையும் பார்த்து, எழுதிவைத்த கட்டளைகளின்படி மின்முனைகளைத் திறந்தும் மூடியும் இயங்கும் ஒரு சிறு கணினியாகும். அமெரிக்காவின் நெப்டியூன் சிஸ்டம்ஸ் நிறுவனம் விற்கும் ஏபெக்ஸ், ஜெர்மனியின் ஜி.எச்.எல். நிறுவனம் விற்கும் புரொஃபிலக்ஸ் போன்ற ஆயத்தக் கருவிகளும், அர்டுயினோ, ஈ.எஸ்.பி. 32 போன்ற சிறு பலகைகளைக் கொண்டு வளர்ப்போரே அமைத்துக்கொள்ளும் கருவிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மோட்டார்களை முறைமாற்றி ஓட்டும் வழக்கம் மீன்தொட்டிக்கு முன்பே வேறிடங்களில் நிலைத்த ஒன்று. நவி மும்பையின் நெருளிலும் மும்பையின் செம்பூரிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கீழ்நிலைத் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்ற இரண்டு மோட்டார்களை வைத்து, இன்று ஒன்று, நாளை மற்றொன்று என ஓட்டுவதுண்டு. அங்கே மாற்றத்தின் நோக்கம் இரண்டும் சமமாகத் தேய வேண்டும், ஒன்று பழுதானால் மற்றொன்று ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே. எந்த மோட்டார் ஓடினாலும் நீர் செல்லும் வழி ஒன்றுதான். மீன்தொட்டியிலோ மோட்டார் மாறும்போது நீர் செல்லும் திசையே மாறுகிறது. முன்னதைப் பராமரிப்புக்கான மாற்றம் என்றும் பின்னதை ஓட்டத்துக்கான மாற்றம் என்றும் பிரித்தறியாமல், ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றுக்குப் பொருத்துவதால்தான் நாளுக்கொருமுறை மட்டும் திசை மாறும் தொட்டிகளும், தேவையின்றி நிமிடத்துக்கொருமுறை நின்று ஓடும் நீரேற்று மோட்டார்களும் உருவாகின்றன.

கடலில் நிகழும் மாற்றம்

கடல்நீர் ஒரே திசையில் ஓயாது ஓடுவதில்லை என்பதற்கு நெருளின் கரையே சான்றாகும். தாணே கழிமுகத்தையும் பன்வேல் கழிமுகத்தையும் ஒட்டிய இப்பகுதியில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. மும்பைக் கரையில் மழைக்காலத்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதத்தின் உயரம் 4.5 மீட்டரைத் தாண்டும்போது மாநகராட்சி எச்சரிக்கை விடுப்பது வழக்கம். 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் தாழ்ந்த சதுப்பு நிலத்தில் நவி மும்பையை எழுப்பியபோது, இந்த ஏற்றவற்றத்தைக் கணக்கிற்கொண்டே தாங்கு குளங்களை அமைத்தது. ஓதம் ஏறும்போது கடல்நீரின் அழுத்தத்தால் மதகின் கதவு தானே மூடிக்கொள்ள, நகரின் மழைநீர் குளத்தில் தேங்கும். ஓதம் வற்றும்போது உள்நீரின் அழுத்தத்தால் அதே கதவு திறக்க, தேங்கிய நீர் கழிமுகத்துக்கு வடியும். கணினியும் நிரலும் இன்றி, திசைமாறும் நீரையே கட்டளையாகக் கொண்டு இயங்கும் கட்டுப்பாட்டு அமைப்பு அது.

அம்மாற்றம் நின்றால் விளைவது என்ன என்பதையும் நெருள் காட்டியிருக்கிறது. அங்குள்ள டி.பி.எஸ். ஏரி, ஓதநீர் வந்து போவதால் சேறும் நுண்பாசியும் சமநிலையில் இருந்து, குளிர்காலம் முதல் கோடைவரை பூநாரைகளுக்கு இரைதேடும் இடமாக விளங்கியது. ஓதநீர் நுழையும் வாய்க்கால்கள் அடைபட்டபோது ஏரி தேங்கிப் பாசி மூடியது, பறவைகள் அகன்றன. ஓதவழிகளைத் திறக்கக் கோரிய நெடிய முயற்சிகளுக்குப் பின், 2025-இல் மகாராட்டிர மாநில வனவுயிர் வாரியம் அவ்வேரியைப் பூநாரைக் காப்பிடமாக அறிவிக்க ஒப்புதல் அளித்தது. ஏரியில் நீர் இருந்தது. நீர் மாறுவது நின்றதே கேடாயிற்று என்பதே இதிலிருந்து மீன்தொட்டி அமைப்போர் கொள்ள வேண்டிய பாடம்.

ஓதத்தின் வீச்சு மிகச் சிறிதாக இருக்கும் இடங்களிலும் திசைமாற்றம் வேறு வழியில் நிகழ்கிறது. மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆயினும் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பார்கள் செழித்துள்ளன. 1986-இல் அத்தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே நீரைப் புரட்டுவது பருவக்காற்று. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, இராமேசுவரத் தீவுக்கு வடக்கேயுள்ள பாக் விரிகுடா அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். மண்டபத்திலும் பாம்பனிலும் உள்ள மீனவர் பருவத்துக்கேற்பத் தென்கடலிலும் வடகடலிலும் மாறிமாறித் தொழில் செய்வது இதனால்தான். நீவாடு என்று அவர்கள் வழங்கும் நீரோட்டம், இந்தியாவின் கிழக்குக் கரை நெடுகிலும் ஆண்டுக்கு இருமுறை திசை திரும்புகிறது. நொடிக்கணக்கில் மாறும் அலை, மணிக்கணக்கில் மாறும் ஓதம், மாதக்கணக்கில் மாறும் பருவ நீரோட்டம் என மூன்று கால அளவுகளில் மாறும் நீரில் வாழப் பழகிய உயிர்களே தொட்டிக்குள் கொண்டுவரப்படுகின்றன.

மாற்றம் செய்யும் வேலை

பவளம் இடம்பெயராதது, உணவும் உயிர்வளியும் அதனிடம் வந்துசேர வேண்டும், கழிவு அதனிடமிருந்து அகல வேண்டும். திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டிய நீர், உராய்வினால் ஏறக்குறைய அசையாமல் ஒரு மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. இதனை எல்லைப்படலம் என்பர். ஓட்டம் வலுக்க வலுக்க அப்படலம் மெலிகிறது; படலம் மெலிய மெலியக் கரைந்த வாயுக்களும் சத்துகளும் விரைந்து கடக்கின்றன. 1998-இல் உலகெங்கும் பவளங்கள் வெளிறியபோது சப்பானின் ஒக்கினாவா கடற்பகுதியில் எவை பிழைத்தன என்பதை ஆராய்ந்த நகமுராவும் வான் வேசிக்கும், நீரோட்ட வேகமும் படலத்தைக் கடக்கும் பரவலும் அந்த வேறுபாட்டை ஓரளவு விளக்குகின்றன என்று 2001-இல் எழுதினர்.

ஓட்டம் ஒரே திசையில் இருந்தால் பவளத்தின் எதிர்முகம் மட்டுமே இப்பயனைப் பெறும். பாறைகளின் மறைவில் நீர் தேங்கி, அங்கே மீன்கழிவும் எஞ்சிய தீனியும் படிந்து, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உயிர்வளியைத் தின்றுவிடும். ஒரு மோட்டாரின் மறைவை மற்றொரு மோட்டாரால் நீக்கலாமே, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் என்ன என்னும் கேள்விக்கு விடை, மீன்தொட்டியோடு தொடர்பற்ற ஒரு கணித ஆய்வில் கிடைக்கிறது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த பாய்ம இயக்கவியல் அறிஞர் ஹசன் ஆரெஃப் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில், வட்டமான கலம் ஒன்றில் இரண்டு சுழல்களைக் கற்பனை செய்தார். இரண்டும் மாறாமல் ஓடினால் நீரின் ஒவ்வொரு துளியும் ஒரு மூடிய வளைவரையிலேயே என்றென்றும் சுற்றிவரும். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தன் தடத்தை விட்டு அயல்தடத்துக்குப் போகாது. ஒன்றை அணைத்து மற்றொன்றை இயக்கி, பின்னர் முன்னதை இயக்கி இதனை அணைத்து என மாற்றிக்கொண்டே போனால், ஒரு சுழலின் தடங்கள் மற்றச் சுழலின் தடங்களை வெட்டுவதால், அருகருகே இருந்த இரு துளிகள் சில சுற்றுகளிலேயே கலத்தின் இருவேறு பகுதிகளுக்குப் பிரிந்துவிடுகின்றன. அதே வேகம், அதே இரு சுழல்கள். முறைமாற்றம் ஒன்றே கலத்தின் பெரும்பகுதியைக் கலக்கிவிடுகிறது. ஆரெஃபின் கணக்கில் மேலும் ஒரு நுட்பம் உண்டு: மாற்றம் மிக விரைவாக நிகழ்ந்தால், இரண்டும் ஒன்றாக ஓடுவதற்கும் மாறிமாறி ஓடுவதற்கும் வேறுபாடில்லாமற் போய்விடும், முறைநேரம் நீளும்போதுதான் கலப்பு விரிகிறது. அவர் எடுத்துக்கொண்டது உராய்வற்ற, இருபரிமாண நீர். தொட்டி நீரோ கொந்தளிப்பும் முப்பரிமாணமும் உடையது. எனவே அவருடைய எண்களைத் தொட்டிக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், தடங்கள் தடங்களை வெட்ட வேண்டும் என்னும் கொள்கை இரண்டுக்கும் பொது.

இக்கொள்கை, கட்டுப்பாட்டுக் கருவிகள் வருமுன்னரே கைவினையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் அடே, நிரம்பியதும் கவிழும் வாளியைக் கொண்டு தொட்டியில் அலையடிக்கச் செய்தார். ஹவாயிலுள்ள வைக்கீக்கி மீன்காட்சியகத்தின் புரூஸ் கார்ல்சன், உயரத்தொட்டியில் நிரம்பும் நீர் ஒரு வடிகுழாய் வழியே திடீரெனப் பாய்ந்து ஓயும் அமைப்பை உருவாக்கினார். குறுகிய தாரையாக அன்றி அகன்ற ஓட்டமாக நீரைத் தள்ளும் விசிறி இறக்கை மோட்டார்களை ஜெர்மனியின் டுன்ஸே போன்ற நிறுவனங்கள் பரவலாக்கிய பிறகே, அப்பணி வாளியிலிருந்து நிரலுக்கு மாறியது.

நிரலின் அமைப்பு

நிரல் எழுதுமுன் மோட்டாரின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் எத்தனை மடங்கு நீர் நகர்கிறது என்பதைச் சுழற்சி விகிதம் என்பர். மென்பவளங்களுக்குப் பத்து முதல் இருபது மடங்கு என்பது வளர்ப்போரிடையே வழங்கும் பொதுக்கணக்கு. 300 லிட்டர் தொட்டிக்கு இருபது மடங்கு வேண்டுமெனில் மணிக்கு 6,000 லிட்டர். ஒரு நேரத்தில் ஒரு மோட்டார்தான் ஓடப்போகிறது என்பதால், 3,000 லிட்டர் திறனுள்ள இரண்டை வாங்கிக் கூட்டிக்கொள்வது பிழை. ஒவ்வொன்றும் தனித்தே 6,000 லிட்டர் தள்ள வேண்டும். இந்தியாவில் கடும்பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டதால், நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம் என்பதையும், பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்துள்ள கோமாளி மீன் போன்றவையே தொட்டிக்கு உகந்தவை என்பதையும் இங்கே நினைவிற்கொள்வது கடமை.

முறைநேரத்தைக் கணக்கிடும் எளிய வழி, நள்ளிரவிலிருந்து கழிந்த நிமிடங்களை ஒரு முழுச்சுற்றின் நீளத்தால் வகுத்து மீதியைப் பார்ப்பதாகும். பத்து நிமிடம் இடப்பக்க மோட்டார், பத்து நிமிடம் வலப்பக்க மோட்டார் என்றால் முழுச்சுற்று இருபது நிமிடம். முற்பகல் 10 மணி 47 நிமிடத்தில் கழிந்தவை 647 நிமிடங்கள். இருபதால் வகுக்க மீதி ஏழு. மீதி பத்துக்குக் குறைவென்பதால் இடப்பக்கம் ஓட வேண்டும். இம்முறையில் கருவி எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. மின்வெட்டுக்குப் பின் விழித்தெழும் கருவி கடிகாரத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாருடைய முறை என்பதை அறிந்துகொள்கிறது. ஏபெக்ஸ் கருவியில் தொடக்கக் காத்திருப்பு, இயங்கும் நேரம், ஓய்வு நேரம் என மூன்று எண்களைத் தரும் ஒரே வரி இவ்வேலையைச் செய்கிறது. இரண்டாம் மோட்டாருக்கு அதே வரியில் காத்திருப்பைப் பத்து நிமிடமாகவும் ஓய்வு நேரத்தைச் சுழியமாகவும் மாற்றினால் போதும்.

ஒரு நாளின் 1,440 நிமிடங்களைச் சுற்றின் நீளம் மீதியின்றி வகுக்க வேண்டும் என்பது இதிலுள்ள நிபந்தனை. 25 நிமிடச் சுற்றை எடுத்துக்கொண்டால் நாளொன்றில் 57 சுற்றுகள் முடிந்து 15 நிமிடம் எஞ்சும். அதில் இடப்பக்கம் தன் பன்னிரண்டரை நிமிடத்தையும் ஓடிமுடிக்க, வலப்பக்கம் இரண்டரை நிமிடத்திலேயே நள்ளிரவில் வெட்டுப்படும். மெய்யான ஓதத்தை, அதாவது 745 நிமிடச் சுற்றை, தொட்டியில் கொண்டுவர விரும்புவோர் நள்ளிரவை விட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து இடைவிடாது எண்ண வேண்டும். ஆறு மணிக்கொருமுறை என்று எழுதினால் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் கடலிலிருந்து விலகிக்கொண்டே போகும். தொட்டியின் நலத்துக்கு அவ்விலகலால் கேடில்லை. ஓதத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்வது மட்டுமே பிழையாகும்.

அர்டுயினோ பலகையில் எழுதுவோருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. அதன் உள்கடிகாரம் இயங்கத் தொடங்கியதிலிருந்து மில்லிநொடிகளை 32 இருமக்கூறுகளில் எண்ணுகிறது. ஏறக்குறைய 429 கோடியே 49 இலட்சத்தை எட்டியதும், அதாவது 49.7 நாளில், எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த மாற்றம் நிகழ வேண்டிய நேரத்தைக் குறித்துவைத்து, இப்போதைய எண் அதைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கும் நிரல், ஏழு வாரம் குறையின்றி ஓடிவிட்டு, அந்த நாளில் தவறான மோட்டாரில் நின்றுவிடலாம் அல்லது வெறிபிடித்தாற்போல் மாற்றிக்கொண்டே இருக்கலாம். இப்போதைய எண்ணிலிருந்து சென்ற மாற்றத்தின் எண்ணைக் கழித்து, வேறுபாடு முறைநேரத்தை எட்டிவிட்டதா என்று பார்த்தால் எண் திரும்பினாலும் கணக்குப் பிசகாது. டி.எஸ். 3231 போன்ற தனிக்கடிகாரச் சில்லைப் பொருத்தினால் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவிலேயே பிழை ஏற்படும். தனி மின்கலத்தால் இயங்குவதால் மின்வெட்டிலும் அது நேரம் தவறாது.

முறைநேரத்தின் நீளத்தைத் தொட்டியே தீர்மானிக்க வேண்டும். அசையாதிருந்த நீர் முழுவதும் ஒரு திசையில் நகரத் தொடங்கச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே மோட்டாரை மாற்றினால் நீர் குலுங்குமேயன்றி மூலைகளுக்குச் சென்றுசேராது. அடிக்கடி அணைப்பதும் இயக்குவதும், மின்னிணைப்பைத் திறந்து மூடும் ரிலேயின் முனைகளையும் மோட்டாரின் தண்டையும் தேய்க்கும். நொடிக்கணக்கில் மாறும் அலை வேண்டுவோர் ரிலேயை விடுத்து, வேகத்தைக் கூட்டிக்குறைக்கவல்ல நேர்மின் மோட்டார்களை நாட வேண்டும். ரிலே வழியே 230 வோல்ட் மோட்டாரை ஓட்டுவோருக்குச் சில நிமிடங்களுக்குக் குறையாத முறைநேரமே பொருத்தமானது.

நிரல் தவறும் வேளை

இதுவரை கூறியவை நிரல் ஓடும்போது நிகழ்பவை. தொட்டியிலுள்ள உயிர்களின் கண்ணோட்டத்தில் பார்த்தால், நிரலின் மதிப்பை முடிவுசெய்வது அது ஓடாத வேளையே. 28 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். கடல்நீரோ சுமார் 6 மில்லிகிராம்தான் தாங்கும். வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். மே மாதத்து நெருளில் நீர்ப்பரப்பு அசையாமல் நின்றால், மீன்கள் மூச்சுத்திணறச் சில மணிநேரமே போதும். இரண்டு மோட்டார்களும் ஒருசேர நின்றுபோகும் நிலை எந்த வழியிலும் நீடிக்காமற் காப்பதே நிரலின் முதற்கடமை. அழகிய ஓட்டத்தை உண்டாக்குவது அதற்கு அடுத்தது.

அதற்கான வழிகள் எளியவை. முதலாவதாக, ஒன்று நின்றபின் மற்றொன்று தொடங்கட்டும் என்று எழுதாமல், மற்றொன்று தொடங்கிச் சில நொடிகள் கழிந்தபின் முன்னது நிற்கட்டும் என்று எழுத வேண்டும். இரண்டாவதாக, தீனி போடும்போது இரு மோட்டார்களையும் நிறுத்தும் கட்டளை, மனிதர் மீண்டும் அழுத்தும் வரை காத்திராமல் பத்து நிமிடத்தில் தானே நீங்க வேண்டும். நிறுத்தியவர் தொலைபேசி அழைப்பில் மறந்துபோவது மிக எளிது. மூன்றாவதாக, ஏபெக்ஸ் போன்ற கருவிகள் கட்டளைகளை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் இறுதி வரியையே ஏற்பதால், வெப்பம் மிகுந்தால் மோட்டாரை இயக்கு என்பது போன்ற காப்பு வரிகள் கடைசியில் நிற்க வேண்டும். முறைமாற்ற வரி அவற்றுக்குக் கீழே வந்துவிட்டால், காப்பு எழுதப்பட்டிருந்தும் பயனற்றதாகும்.

நான்காவது வழி நிரலில் இல்லை, கம்பியிணைப்பில் இருக்கிறது. ரிலே ஒன்றுக்கு இருவகை முனைகள் உண்டு: கட்டளை வரும்போது மூடுவது ஒன்று, கட்டளை இல்லாதபோது மூடியிருப்பது மற்றொன்று. இடப்பக்க மோட்டாரை இரண்டாம் வகை முனையில் இணைத்துவிட்டால், கருவி செயலிழந்தாலும், அதன் அடாப்டர் எரிந்துபோனாலும், ரிலே தளர்ந்து அம்மோட்டார் தானே ஓடத் தொடங்கும். ஆயத்தக் கருவிகளில் இதே நோக்கத்துக்காக, மூளைப்பகுதியோடு தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு மின்முனையும் எந்நிலையில் நிற்க வேண்டும் என்று குறிக்கும் வரி ஒன்று உண்டு. பலர் அதைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். வீட்டு மின்சாரமே போய்விடும் வேளைக்கு மின்கலத்தில் ஓடும் காற்று மோட்டாரும், உப்புநீரும் 230 வோல்ட்டும் அருகருகே இருப்பதால் மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இவ்வமைப்பின் பிரிக்க முடியாத உறுப்புகள்.

இவ்வளவும் அமைத்தபின் அது பயன் தருகிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒருவாரம் கழித்துப் பாறைகளின் பின்புறத்திலும் நான்கு மூலைகளிலும் படிந்துள்ள கழிவைப் பார்த்தால் போதும். ஒரு மூலையில் மட்டும் கழிவு திரண்டிருந்தால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவதற்கு மாறாக, அது நோக்கும் திசையையோ முறைநேரத்தையோ மாற்ற வேண்டும். எல்லா மூலைகளிலும் திரண்டிருந்தால் முறைநேரம் மிகக் குறுகியது என்று கொள்ளலாம். பின்னர் கருவியின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கி, ஏதேனும் ஒரு மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதற்சோதனையில் தேறி இரண்டாவதில் தோற்கும் நிரலைவிட, முதலாவதில் சற்றுக் குறைந்து இரண்டாவதில் தேறும் நிரலே சிறந்தது. ஏனெனில் குறையுள்ள ஓட்டத்தை அடுத்த வாரம் திருத்தலாம், ஓர் இரவு முழுதும் நின்றுபோன நீரை எந்தத் திருத்தமும் ஈடுசெய்யாது.